ஒரு கையில் தடி, ஒரு கையில் போன்

போன வருஷம் ஆவணியில் பந்தல்குடி பஸ் ஸ்டாப்பில் விழுந்து பதினோரு நாள் படுக்கையில் கிடந்ததை எழுதியிருந்தேன். எப்படி விழுந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன். போனால் விழுந்தேன்.

போனைப் பார்த்துக்கொண்டே நடந்ததாக நினைத்துவிடாதீர்கள். அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனதிலிருந்து இடது கையில் தடி. (கோளாறு வலது காலில் என்றால் தடியை இடது கையில்தான் பிடிக்க வேண்டும். பிசியோதெரபி பார்த்த பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியும். அதுவரை தப்பான கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.) அன்றைக்கு அருப்புக்கோட்டை பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள். வலது கையால் எடுத்தேன். பச்சைப் பொட்டைத் தள்ள வேண்டும். கட்டைவிரல் அதுவரை எட்டவில்லை. எட்டவைக்கப் பிடியைத் தளர்த்தினேன். போன் சரிந்தது. அதைப் பிடிக்க இடது கை தன்னால் போனது. இடது கையில் இருந்த தடி விழுந்தது. பின்னாலேயே நானும் விழுந்தேன்.

போனுக்கு ஒரு கீறல் இல்லை.

மகள் மறுநாளே வந்துவிட்டாள். "போதும்ப்பா. அம்மா போனதுக்கு அப்புறமும் மூணு வருஷம் தனியா இருந்து பாத்தாச்சு. எங்களோட வந்துடுங்க" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் கோயம்புத்தூரில் எட்டாவது மாடியில் எனக்கு என்ன வேலை? இங்கே காலையில் எழுந்தால் டீக்கடை வரைக்கும் நடை, நாலு பேர் முகம், வேப்பமரத்தடி. அதனால் அவளிடம், "கால் நல்லாத்தான் இருக்கு தாயி, போன்தான் சரியில்ல. போனை மாத்துறேன். ஒரு வருஷம் டைம் குடு. மறுபடி விழுந்தா நானே பெட்டியைக் கட்டுறேன்" என்றேன். பேச்சுக்குச் சொன்னதுதான். அவள் எழுதி வைத்துக்கொண்ட மாதிரி மாதா மாதம் கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஆக, ஒரு போன் வாங்குவதற்கு இந்தக் கிழவன் ஏன் ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்தான் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நான் இந்த ஊரில் இருப்பதா வேண்டாமா என்பது அதில் அடங்கியிருந்தது.

தபால் தந்தி இலாகா என்று இருந்த காலத்தில் லைன்மேனாகச் சேர்ந்து, டெலிபோன் மெக்கானிக் ஆகி, 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். என்று பெயர் மாறியபிறகும் அதே கம்பத்தில் ஏறி, 2014இல் இறங்கியவன் நான். பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் செய்த கறுப்பு டெலிபோனை எத்தனை வீட்டில் மாட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ரிசீவரைத் தூக்கினால் கை இழுக்கும். ஆனால் அதைச் செய்தவன் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தான். எந்தக் கைக்கும் அந்தப் பிடி உட்காரும். வயதான ஆச்சிக்கும் உட்காரும், பத்து வயதுப் பையனுக்கும் உட்காரும். இன்றைய போனுக்குப் பிடி என்பதே கிடையாது. சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஒரு கண்ணாடிப் பலகை, அவ்வளவுதான். பிடி இல்லாத பொருளுக்கு அளவு ஒன்றுதான் பிடி.

முதலில் அருப்புக்கோட்டையில் ஒரு கடைக்குப் போனேன். "தம்பி, சின்ன போனா ஒண்ணு காட்டுப்பா" என்றேன். பையன் நேராகப் பட்டன் போன் அடுக்கியிருந்த பக்கம் போனான். "அது இல்லப்பா. டச் போன்தான். நல்ல போனா இருக்கணும். ஆனா சின்னதா இருக்கணும்." அவன் முழித்தான். "தாத்தா, சின்ன போனுன்னா விலை கம்மியானதா?" "விலை கூட இருந்தாலும் சரி." அவனுக்கு நான் சொல்வது புரியவே இல்லை. கடையில் இருந்த எல்லாமே 6.7 அங்குலம், அதைச் சுற்றி ஒரு புள்ளி கூடக் குறைய. எட்டாயிரம் ரூபாய் போனும் அதே அகலம், எண்பதாயிரம் ரூபாய் போனும் அதே அகலம். "வயசானவங்களுக்குப் பெருசுதான் தாத்தா நல்லது, எழுத்து பளிச்சுன்னு தெரியும்" என்று புத்தி சொன்னான். நல்ல பையன்தான். என் தடியை மட்டும் அவன் பார்க்கவில்லை.

செருப்பு வாங்கப் போனால் ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் என்று கேட்டுக் கொடுக்கிறார்கள். போன் வாங்கப் போனால் உலகத்துக்கே ஒரே நம்பர்.

வீட்டுக்கு வந்து மருமகனிடம் பேசினேன். அவர் கம்ப்யூட்டர் வேலை. "மாமா, நீங்க கேக்குறதுக்குப் பேரு காம்பாக்ட் ஃபிளாக்‌ஷிப். ரெண்டு மூணு கம்பெனிதான் செய்றாங்க" என்றார். ஃபிளாக்‌ஷிப் என்றால் கடற்படைத் தளபதி ஏறியிருக்கும், கொடி பறக்கிற கப்பல். ஒரு கம்பெனி தன் வித்தை முழுவதையும் காட்டிச் செய்யும் போனுக்கு அந்தப் பெயர். அதிலேயே உடம்பு சிறுத்தது காம்பாக்ட். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், குள்ளமான ஆனால் ஜல்லிக்கட்டில் பிடிபடாத மாடு.

இங்கேதான் எனக்கு முதல் கோபம். சின்னதாக வேண்டும் என்றால் ஏன் கொடிக்கப்பலில்தான் ஏற வேண்டும்? பதினைந்தாயிரத்தில் கைக்கு அடங்கிய ஒரு போனை ஒருவனும் செய்யமாட்டேன் என்கிறான். கேட்டால் விற்காது என்கிறார்களாம். கடையில் வைக்காத சாமான் எப்படி விற்கும்? 2020இல் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 12 மினி என்று ஒன்று கொண்டுவந்தது. அடுத்த வருஷம் 13 மினி. அதற்கடுத்த வருஷம் மினி கிடையாது. 2023 செப்டம்பரில் 13 மினி விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். பெரிய போன் வாங்குகிறவன் அதிலே படம் பார்க்கிறான், விளையாடுகிறான், இரண்டு வருஷத்தில் மாற்றுகிறான். சின்ன போன் வாங்குகிறவன் பேசிவிட்டுப் பையில் போட்டுக்கொள்கிறான். வியாபாரிக்கு யாரைப் பிடிக்கும்?

மருமகன் இன்டர்நெட்டில் அளவுகளை எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்தபோது ஒரு சூட்சுமம் புரிந்தது. எல்லோரும் அங்குலம் அங்குலம் என்று பேசுகிறார்களே, அது திரையின் மூலைக்கு மூலை குறுக்கே அளப்பது. கைக்கு அந்தக் கணக்கு உதவாது. 2011இல் சாம்சங் கேலக்ஸி நோட் வந்தபோது 5.3 அங்குலம், இவ்வளவு பெரிய போனா என்று உலகமே சிரித்தது. ஐபோன் 13 மினி 5.4 அங்குலம். அதாவது அந்தப் பூதத்தைவிட ஒரு புள்ளி அதிகம். ஆனால் நோட்டின் அகலம் 83 மில்லிமீட்டர், மினியின் அகலம் 64.2 மில்லிமீட்டர்தான். காரணம், இப்போதைய திரைகள் முருங்கைக்காய் மாதிரி நீளமாகிவிட்டன, ஓரச் சட்டமும் ஒல்லியாகிவிட்டது. ஆகவே போன் பார்க்கப் போகிறவர்கள் அங்குலத்தைக் கேட்காதீர்கள். அகலம் எத்தனை மில்லிமீட்டர், எடை எத்தனை கிராம் என்று கேளுங்கள். கடைப் பையனுக்குத் தெரியாது. பெட்டியிலும் பல சமயம் இருக்காது. கம்பெனியின் சொந்த வலைப்பக்கத்தில் கட்டாயம் இருக்கும்.

என் பழைய போனை அளந்தேன். அகலம் 78 மில்லிமீட்டர். பலசரக்குக் கடைத் தராசில் வைத்தால் உறையோடு 240 கிராம். மேஜை டிராயரில் என் வீட்டுக்காரியின் நோக்கியா 1100 கிடந்தது, டார்ச் லைட் வைத்தது. அதையும் எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். 86 கிராம். அகலம் 46 மில்லிமீட்டர். 2003இல் வந்த மாடல். உலகம் முழுக்க இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை திறந்தது, 2014இல் மூடியது. நான் ரிட்டயர் ஆன வருஷமும் அதுதான். தராசுக்கடைக்காரர், "அண்ணாச்சி, போனைக் கிலோ கணக்குல விக்கப் போறீங்களா?" என்றார்.

எண்ணை வைத்துக்கொண்டு கைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. கடையில் ஐந்து நிமிஷம் பிடித்துப் பார்ப்பதும் போதாது. அதுவும் திருடிக்கொண்டு ஓடிவிடுவோம் என்று கம்பியில் கட்டி வைத்திருப்பான், உண்மையான எடை எப்படித் தெரியும்? அதனால் ஆசாரியிடம் போனேன். மிச்சம் மீதிப் பலகையில் நாலு கட்டை செதுக்கித் தரச் சொன்னேன். ஒன்று ஐபோன் 13 மினி அளவு. ஒன்று கேலக்ஸி எஸ்24: உயரம் 147, அகலம் 70.6 மில்லிமீட்டர். ஒன்று 2025இல் வந்த ஒன்பிளஸ் 13எஸ்: உயரம் 150.8, அகலம் 71.7. (அதே வருஷம் வந்த விவோ எக்ஸ்200 எஃப்.இ.யும் ஏறக்குறைய அதே அளவு, அதனால் அதற்குத் தனிக் கட்டை இல்லை.) நாலாவது என் பழைய போனின் அளவு, ஒப்பிட்டுப் பார்க்க. மரம் லேசாக இருக்கும் என்பதால் கட்டையின் முதுகைக் குடைந்து, வேலை பார்த்த காலத்துச் சால்டர் ஈயக் கம்பியைச் சுருட்டி வைத்து எடையைச் சரிக்கட்டினேன். மினிக்கு 140 கிராம் சொச்சம், எஸ்24க்கு 167, ஒன்பிளஸுக்கு 185.

பத்து நாள் கட்டைகளோடு வாழ்ந்தேன். காலையில் ஒரு கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவது. டீக்கடையில் எடுப்பது, பஸ் ஸ்டாப்பில் எடுப்பது, படி ஏறும்போது எடுப்பது. திரையில் எந்தெந்த இடத்தைத் தொட வேண்டுமோ அங்கே பென்சிலால் பொட்டு வைத்திருந்தேன். போன் எடுக்கும் பச்சைப் பொட்டு, மேலே இடது மூலை, கீழே பணம் அனுப்பும் பட்டன். ஊரில் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன் மட்டும் நேரில் கேட்டான்: "தாத்தா, இதுல சிக்னல் வருதா?"

முடிவு தெளிவாக இருந்தது. 64 மில்லிமீட்டர் கட்டையில் நாலு மூலையையும் கட்டைவிரல் தொட்டது, பிடி தளரவே இல்லை. 70.6இல் மேல் இடது மூலை மட்டும் எட்டவில்லை, மற்றதெல்லாம் எட்டியது. 71.7க்கும் அதற்கும் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் 18 கிராமும் கொஞ்சம் உயரமும் கூடினதில் சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு சொல்லிவிட்டது. 78 பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, என் இடுப்பு அறியும்.

அப்படியானால் 13 மினியையே வாங்கியிருக்கலாமே என்பீர்கள். ஆசைதான். புதிதாக விற்பதில்லை, பழையது கிடைக்கிறது. ஆனால் நாலு வருஷம் ஓடிய பேட்டரி. அதுவும் அந்தச் சின்ன உடம்பில் முதலிலிருந்தே பேட்டரி சின்னது. செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அடித்தால் ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும். கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் எழுதி, இடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது திருட்டுப் போன் என்று பதிவாகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள்.

பேட்டரியைப் பற்றி நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட், இருபத்துநாலு செல், ஈய-அமில பேட்டரி. வாரா வாரம் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி அடர்த்தி அளந்து வளர்த்தவன். அந்த ஜாதி பேட்டரி எப்போதும் வயிறு நிறைந்திருக்க வேண்டும். பாதியில் விட்டால் தகட்டில் உப்புப் படிந்து செத்துப்போகும். போனில் இருக்கும் லித்தியம் நேர் எதிர். முழுக்க நிறைந்த வயிற்றோடு சூட்டில் கிடந்தால் அதற்கு ஆயுள் குறையும். ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டு, காலையில் நூறு சதவீதத்தோடு வெயிலில் கொண்டுபோவதுதான் நாம் எல்லோரும் செய்வது. எண்பது சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளும் வசதி இப்போது நல்ல போன்களில் இருக்கிறது. வாங்குமுன் இருக்கிறதா என்று பாருங்கள்.

சூடு நம் ஊரில் தனி அத்தியாயம். சி-டாட் 1984இல் ஆரம்பித்து, கிராமங்களுக்கென்று 128 லைன் எக்ஸ்சேஞ்ச் ஒன்றைச் செய்தார்கள். ஆர்.ஏ.எக்ஸ். என்போம். 1986இல் கர்நாடகத்தில் கித்தூரில் முதலில் வைத்தார்கள். பிறகு நாடு முழுக்க வந்தது. அதை வடிவமைத்தவர்கள் போட்டுக்கொண்ட நிபந்தனை, ஏ.சி. இல்லாமல் ஓட வேண்டும், தூசியிலும் சூட்டிலும் ஓட வேண்டும் என்பது. ஓடியது. கோணி கட்டிய ஜன்னல் ஓரத்தில் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். இப்போது எண்பதாயிரம் ரூபாய் போனின் கையேட்டைப் படியுங்கள். ஆப்பிளானாலும் சாம்சங்கானாலும் பூஜ்யத்திலிருந்து 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தவும் என்று இருக்கும். பந்தல்குடியில் சித்திரையில் 35 டிகிரி என்பது காலைப் பலகாரம் முடிகிற நேரம். எங்கள் கரிசலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையும் மனசில் வைத்து எவன் போன் செய்கிறான்?

அதிலும் சின்ன போனுக்கு ஒரு சங்கடம் உண்டு. உள்ளே இருக்கும் மூளை பெரிய போனில் இருப்பதேதான், ஆனால் சூட்டை வெளியே விட முதுகு சின்னது. சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். மகள் குடும்பம் சித்திரை லீவுக்கு வந்தபோது மருமகனின் போனை மூன்று நாள் இரவல் வாங்கி மத்தியானம் ஒரு மணிக்கு அதே பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். வெயிலில் எழுத்து தெரிகிறதா, கூப்பிட்டால் காதில் விழுகிறதா, க்யூ.ஆர். அட்டையை ஒரு கையால் பிடித்துப் படிக்க முடிகிறதா. பேசவும் பணம் அனுப்பவும் ஒரு குறையும் இல்லை. கேமராவைத் திறந்து பேத்தியை ஐந்து நிமிஷம் வீடியோ எடுத்தபிறகுதான் கை சுட்டது. எனக்கு அவ்வளவு போதும். வீடியோ எடுக்கிறவர்கள், வண்டியில் மாட்டி வழி பார்த்துப் போகிறவர்கள் வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.

தூசிக்கு ஐ.பி.68 என்று ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். ஆறு என்பது தூசி புகாது என்பதற்கு, எட்டு என்பது தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கு. கிணற்றில் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டி கிடையாது என்று அதே கம்பெனி வேறு பக்கத்தில் எழுதியிருக்கும்.

இனி மகளின் கட்சி. அவள் சொன்னது: "அப்பா, உங்களுக்குக் கை மட்டுமா போச்சு, கண்ணும்தான் போச்சு. சின்னத் திரையில என்ன தெரியும்?" இதில் அவள் பாதி ஜெயித்தாள். எழுத்தைப் பெரிதாக்கினால் சின்னத் திரையில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று தமிழ் வார்த்தைதான் நிற்கிறது. நம் பாஷையில் வார்த்தைகள் நீளம். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிவது நமக்குப் பத்து எழுத்து. பேங்க் ஆப்களில் எழுத்தைப் பெரிதாக வைத்தால் பட்டனில் உள்ள வார்த்தை பாதியில் அறுந்து நிற்கும், ஒப்புதலா ரத்தா என்று ஊகித்துத்தான் அமுக்க வேண்டும். இது போன் செய்கிறவன் குற்றமில்லை, ஆப் எழுதுகிறவன் எழுபது வயதுக் கண்ணை வைத்துப் பரீட்சித்துப் பார்க்கவில்லை. ஆனால் வலி நமக்குத்தானே.

யோசித்துப் பார்த்தேன். நான் போனில் நீளமாகப் படிப்பது எங்கே? வீட்டில், நாற்காலியில், கண்ணாடி போட்டுக்கொண்டு. அதற்குப் பேரன் விட்டுப்போன பழைய டேப்லெட் இருக்கிறது. வெளியே போனால் செய்வது என்ன? எடுத்துப் பேசுகிறேன், மெடிக்கல் ஷாப்பில் பணம் அனுப்புகிறேன், பஸ் எங்கே என்று கேட்கிறேன். வெளியே எனக்கு வேண்டியது கை, உள்ளே வேண்டியது கண். இரண்டையும் ஒரே பலகையில் தேடினால் இரண்டும் கெட்டுவிடும். வீட்டில் டேப்லெட் இல்லாதவர்கள், தடி பிடிக்காதவர்கள் பெரிய போனே வாங்குங்கள். என் மைத்துனருக்கு அதைத்தான் சொன்னேன்.

தமிழில் தட்டச்சு செய்ய நான் விரலை நம்புவதை விட்டுவிட்டேன். வாயால் சொன்னால் எழுதுகிறது. "மாமன் மகன்" என்றால் சரியாக எழுதுகிறது. ஊர்ப்பேச்சில் இழுத்துச் சொன்னால் தடுமாறுகிறது. ரேடியோ வாசிப்பது போல் நிறுத்திச் சொன்னால் பிழை குறைவு.

இன்னொன்றையும் கட்டையில் வைத்துப் பார்த்தேன். பவர் பட்டனை ஐந்து தடவை அடுத்தடுத்து அமுக்கினால் அவசர அழைப்பு போகும்படி பல போன்களில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டன் கட்டைவிரலுக்கு அடியில் தானாக வந்து விழுகிறதா? தரையில் கிடக்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கு எனக்கு அந்த வித்தை தெரிந்திருந்தால், டீக்கடைக்காரர் ஓடிவரும் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டாம்.

கடைசியில் காசு. எஸ்25 போன் 2025 ஜனவரியில் வந்தபோது 256 ஜி.பி. விலை 80,999 ரூபாய். ஒன்பிளஸ் 13எஸ், விவோ எக்ஸ்200 எஃப்.இ. இரண்டும் அதே வருஷம் வந்தபோது 54,999லிருந்து. இவை இரண்டிலும் புது மாதிரி சிலிக்கான்-கார்பன் பேட்டரி, 5850, 6500 என்று கொள்ளளவு. எஸ்24இல் 4000தான். ராத்திரி வரை படம் பார்க்கிறவனுக்கு அந்த வித்தியாசம் பெரிது. எனக்கு ஒரு நாளைக்கு மேலேயே வருகிறது, மணிக்கட்டுக்கு அந்த 18 கிராம்தான் பெரிது. விலையில் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. வேறு. என் முதல் சம்பளம் மூன்று இலக்கம் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் ஒரு கணக்கு உண்டு. எஸ்24லிருந்து சாம்சங்கும், பிக்சல் 8லிருந்து கூகுளும் ஏழு வருஷம் மென்பொருள் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய போனில் அப்டேட் நின்றால் கொஞ்ச நாளில் பேங்க் ஆப் வேலை செய்யமாட்டேன் என்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அது சாமானிய விஷயம் இல்லை. 2021லிருந்து பென்ஷன்காரர்கள் ஜீவன் பிரமாணை முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். நவம்பர் மாதம் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க இப்போது எனக்குப் போன்தான் சாட்சி. எட்டாயிரம் ரூபாய் போனை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி, ஒவ்வொரு தடவையும் எல்லா ஆப்பையும் புதிதாக ஏற்றி, பாஸ்வேர்டு மறந்து, பேங்கில் போய் நிற்பதைவிட, ஒன்றை வாங்கி ஏழு வருஷம் ஓட்டுவது மலிவு. தினக்கூலிக் கணக்கில் போட்டுப் பார்த்தால் டீச் செலவுதான்.

அதற்காகப் புத்தம் புது மாடல்தான் வேண்டுமா? போன வருஷத்து மாடல் பெட்டி பிரிக்காமல் விலை இறங்கிக் கிடைக்கும். எஸ்25க்கும் எஸ்24க்கும் அகலத்தில் பொட்டளவு வித்தியாசம், எடையில் ஐந்து கிராம். ஐப்பசியில் தீபாவளிச் சலுகையோடு எஸ்24 ஐம்பதாயிரத்துக்குள் வந்தது. மருமகன் வாங்கி அனுப்பினார், பணம் நான் அனுப்பிவிட்டேன். அப்டேட் 2031 ஜனவரி வரை. "அது வரைக்கும் போன் இருக்கும் மாமா" என்றார். போன் இருக்கும், சரி.

வந்ததும் செய்த முதல் வேலை, தராசில் வைத்தது. 167. கட்டையோடு ஒரு கிராம் பிசகவில்லை. உறை போட்டால் அகலமும் எடையும் கூடிவிடும் என்பதால் உறை போடவில்லை. கீழே விழுந்தால் உடையுமே என்கிறாள் மகள். பின்னால் துணிப்பட்டி ஒன்றை ஒட்டி விரலை நுழைத்துக்கொள்கிறேன். பழைய டெஸ்ட் போனைத் தோளில் மாட்டும் வாரை வெட்டிச் செய்த பட்டி. மேல் இடது மூலை எட்டாததற்கு, எட்ட வேண்டிய ஆப்களை எல்லாம் கீழே வலது ஓரத்துக்கு இழுத்து வைத்தாயிற்று.

கார்த்திகை முதல் வாரம் அதே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். இடது கையில் தடி. சொல்லிவைத்தாற்போல் மகள் கூப்பிட்டாள். எடுத்தேன். "எங்கப்பா இருக்கீங்க?" "பஸ் ஸ்டாப்புல." அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. "நின்னுக்கிட்டா?" என்றாள்.

நாலு கட்டைகளில் 64 மில்லிமீட்டர் கட்டையைப் பேத்தி விளையாட எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆப்பிள்காரன் மறுபடி அந்த அளவில் செய்தால் அவளிடம் திருப்பிக் கேட்க வேண்டும். மற்ற மூன்றும் என்னிடம் இருக்கின்றன. ஊர்ப்பக்கம் யாராவது போன் வாங்கும் எண்ணத்தில் இருந்தால் வந்து இரண்டு நாள் எடுத்துப்போய்ப் பையில் போட்டுப் பாருங்கள். ஈயம் வைத்திருக்கிறது, குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேத்தி கொண்டுபோனதில் ஈயத்தை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன்.